வளவன் அப்பா மேல் ஒரு பிராது

விருத்தாசலம்,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய வளவன் அப்பா அவர்களுக்கு, செல்வநாயகி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சுகமா என்று கேட்கப் போவதில்லை. அதை மருமகள் பிரபா தினமும் போனில் சொல்லிவிடுகிறாள். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறீர்களாம். டி.வி.யில் கிரிக்கெட் பார்க்கிறீர்களாம். உங்களை நடக்கவைக்க வரும் பிசியோதெரபி தம்பி காலிங்பெல்லை அழுத்தினால் மட்டும் கண்ணை மூடித் தூங்குவதுபோல் படுத்துக்கொள்கிறீர்களாம். அவன் போனதும் எழுந்து காபி கேட்கிறீர்களாம். பிரபா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் செய்தால் வளவன் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறான். உங்களிடம் நான் ஒன்று கேட்டால் அவன் பதில் சொல்கிறான், பேத்தி வெண்பா நடுவில் பாட்டுப் பாடுகிறாள், நீங்கள் பின்னாலிருந்து "ம்" என்கிறீர்கள். இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷனிடம் பேச வேண்டியதைச் சபை கூட்டியா பேச முடியும்? அதனால்தான் கவர் வாங்கி எழுத உட்கார்ந்துவிட்டேன். மேலே இருக்கும் விலாசம் மட்டும் எங்கள் பொம்மை யூனிட்டில் கணக்கு எழுதும் இனியாவின் கையெழுத்து. உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதியதும் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

முதலில் வீட்டுச் செய்தி. நீங்கள் விழுந்த குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டேன். பீங்கான் கம்பெனியில் காலமெல்லாம் சூளை வேலை பார்த்தவர் என்ற கெத்தில், கடை கடையாக ஏறி இறங்கிக் கண்ணாடி மாதிரி டைல்ஸ் எடுத்து வந்தீர்கள். குனிந்து பார்த்தால் முகம் தெரிய வேண்டும் என்றீர்கள். முகம் நன்றாகத்தான் தெரிந்தது, கால்தான் நிற்கவில்லை. இப்போது சொரசொரப்பான தரை போட்டு, பிடித்துக்கொள்ளச் சுவரில் ஸ்டீல் கம்பியும் அடித்தாகிவிட்டது. பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

யூனிட்டில் கொலு பொம்மை வேலை தலைக்கு மேல் இருக்கிறது. நானும் மாரியம்மாள் அக்காவும் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருக்கிறோம். உங்களை பெங்களூரில் வளவன் வீட்டில் விட்டுவிட்டு இந்த வேலைக்காக நான் வந்ததில் உங்களுக்கு மனஸ்தாபம் உண்டு, எனக்குத் தெரியும். கண் திறக்காத பொம்மைகள் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் அங்கே பால்கனியில் உட்கார்ந்து என்ன செய்வேன், சொல்லுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வளவன் தனியாகப் போன் செய்தான். "அப்பா இங்கியே செட்டிலாயிட்டாரும்மா. தை பொறந்ததும் நம்ம வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு நீயும் வந்துடு" என்றான். பாசத்தில்தான் சொல்கிறான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே டாக்டர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், நீங்களும் கேட்டீர்கள். இடுப்பு எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனி நீங்கள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து, துணையில்லாமல் நடந்து, நாலு படி ஏறி இறங்கினால் சொந்த ஊருக்கே போய் இருக்கலாம் என்றார். ஆக, நம் வீடு நமக்கா வாடகைக்காரருக்கா என்பது உங்கள் இரண்டு கால்களில் இருக்கிறது. அந்தக் கால்களை நீங்கள் சோபாவில் நீட்டி வைத்திருக்கிறீர்கள்.

இதற்கு மேல் கோபப்படாமல் படியுங்கள். ஆடிக் கிருத்திகையன்று மணவாளநல்லூர் சாமியிடம் உங்கள் மேல் பிராது கட்டிவிட்டேன். அந்தச் சாமியின் பெயரை உங்கள் அம்மா உங்களுக்கு வைத்ததில் சாமி பெயரையும் என்னால் சொல்ல முடியாமல் போனது, அது வேறு சங்கடம். களவு போன நகைக்குக் கட்டுவார்கள், பங்காளிச் சண்டைக்குக் கட்டுவார்கள், காணாமல் போன மாட்டுக்குக் கட்டுவார்கள். நடக்காத புருஷனுக்காகக் கட்டியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குறையைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். சாமி காலடியில் வைத்துப் பூசை செய்து, அதே கோயிலில் முனியப்பர் முன்னால் நட்டிருக்கும் வேலில் கட்டினார்கள். குறை தீர்ந்ததும் மறக்காமல் வந்து பிராதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

பிராதோடு நின்றிருக்கலாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், குறை தீரும்வரை ஒவ்வொரு கிருத்திகைக்கும் வீட்டிலிருந்து நடந்தே வருகிறேன் என்றும் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்ளும்போது என் முழங்கால் ஞாபகத்தில் இல்லை. திரும்பி வரும்போதே நடந்து பார்க்கலாம் என்று கிளம்பினேன். கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கி, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, எழ முடியாமல் டீக்கடைக்காரர் கை கொடுத்துத் தூக்கிவிட்டு ஆட்டோவில் ஏற்றினார். வெட்கமாகப் போய்விட்டது. உங்களை நடக்கச் சொல்லிப் பிராது கட்டிய எனக்கே இந்த லட்சணம்.

மறுநாள் காலையில் மாரியம்மாள் அக்கா என்னைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே சொர்ணாம்பாள் டீச்சர் நம் வயசுப் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறார். பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தாரே, அவர்தான். ரிட்டயர்டாகி எவ்வளவோ வருஷம் ஆகியும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. நான் முட்டி வலி என்று ஆரம்பித்ததும், "முட்டி வலின்னு உக்காந்தா, உக்காந்ததால இன்னும் வலிக்கும். டாக்டர்கிட்ட காட்டிட்டு வா, அப்புறம் சாக்கு சொல்லு" என்றார். டாக்டரும் தாராளமாகச் செய்யலாம், மெதுவாகத் தொடங்குங்கள் என்றுதான் சொன்னார். எனக்குச் சொல்ல வேறு சாக்கு கிடைக்கவில்லை.

முதலில் மைதானத்தைச் சுற்றி நடை. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது. கைக்குப் பளு வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, நம் ஊரில் அதற்கா பஞ்சம் என்று மாரியம்மாள் அக்கா கம்பெனிகளில் கழித்துப் போட்ட கரண்டு கம்பத்துப் பீங்கான்களைக் கோணியில் கட்டி எடுத்து வந்துவிட்டார். ஆளுக்கு இரண்டு. புடவையும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு நாங்கள் வரிசையாக நின்று பீங்கானைத் தூக்கி இறக்குவதைப் பார்க்க ரோட்டில் பஸ்ஸே கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் வாரம் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது. இப்போது ஒரு நாள் போகாவிட்டால்தான் என்னவோபோல் இருக்கிறது. ஆவணிக் கிருத்திகைக்குப் பாதி வழி நடந்தேன், மீதிக்கு ஆட்டோ. சாமி பாதியைக் கணக்கில் வைத்துக்கொள்வார்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கைப்பிடி உள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிசியோதெரபி தம்பி பக்கத்தில் நிற்கும்போது எழுந்து உட்காருங்கள். முடிந்தவரை போதும், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடுங்கள். அதற்கு முதலில் அவன் வரும்போது கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கால்களைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும், வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்வநாயகி.


விருத்தாசலம்,
ஐப்பசி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

கோபக்காரராகிய வளவன் அப்பா அவர்களுக்கு, செல்வநாயகி பணிவுடன் எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒரு பக்கம் முழுக்கத் திட்டு. "புருஷன் மேல பிராது கட்டுன பொம்பளைய இந்தச் சீமையிலேயே நான் பாத்ததில்ல, இனி ஊருல எப்பிடித் தலையக் காட்டுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தலையைக் காட்ட முதலில் கால் வந்து சேர வேண்டும். அது வந்தால் தலை தானாகவே கூட வரும். எவ்வளவு திட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்தான். மத்தியானச் சாப்பாட்டின்போது யூனிட்டில் எடுத்து மறுபடியும் படித்தேன்.

உங்கள் கடிதத்தைத் தபாலில் சேர்த்தது யார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பிரபாவிடம் கேட்டேன். என் கடிதம் வந்த அன்று வெண்பா கீழே இருந்து எடுத்து வந்து, உறையைக் கிழித்து, எழுத்துக் கூட்டி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாளாம். தூங்குவதுபோல் படுத்துக்கொள்ளும் இடம் வந்ததும் நீங்கள் பிடுங்கிக்கொண்டீர்களாம். உங்கள் பதிலும் அவர்கள் கையில் சிக்கக் கூடாது என்று, வளவன் ஆபீஸ் போன பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நீங்களே லிப்டில் இறங்கி, கேட்டில் செக்யூரிட்டி பக்கத்தில் உட்கார்ந்து, தபால்காரர் வரும்வரை காத்திருந்து கையில் கொடுத்தீர்களாம். பிரபா இதையெல்லாம் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாளாம். கூப்பிட்டால் கெட்டுவிடும் என்று சத்தமே காட்டவில்லையாம். நமக்கு வாய்த்த மருமகள் கெட்டிக்காரி.

அதற்கப்புறம் தினமும் கீழே போய் லெட்டர் வந்திருக்கிறதா என்று தபால் பெட்டியைத் திறந்து பார்க்கிறீர்களாமே. நான் உடனே பதில் எழுதாமல் வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன். கடிதம் வந்துவிட்டால் நீங்கள் மறுபடியும் சோபாவுக்குப் போய்விடுவீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். இப்போது நான் தரையில் உட்கார்ந்து பொம்மைக்கு வர்ணம் தீட்டிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன். முன்பெல்லாம் எழுவதற்கு மாரியம்மாள் அக்காவின் தோள் வேண்டும், அவர் எழுவதற்கு என் தோள் வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்த நாளும் உண்டு. சர்க்கரை குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்படியே தொடர்ந்தால் அடுத்த முறை மாத்திரையைக் குறைப்பது பற்றி யோசிக்கலாம் என்றார். படுத்தால் தூக்கம் வருகிறது. காலையில் அங்கே போனால் நாலு பேரைப் பார்க்கிறோம், நாலு கதை கேட்கிறோம், யார் வீட்டு மருமகள் என்ன சொன்னாள் என்பது வரை தெரிந்துவிடுகிறது. வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து சுவரோடு பேசிக்கொண்டிருந்த நாட்களை நினைத்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. யூனிட்டில் யாரோ கரைத்த களிமண்ணைத் தரையில் சிந்திவிட்டார்கள். அது எப்படி வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தட்டு நிறைய அகல் விளக்கை வைத்துக்கொண்டு அதில் காலை வைத்துவிட்டேன். ஒரு கால் சர்ரென்று போய்விட்டது. மற்ற கால் நின்றது. உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து சமாளித்து, நான் நின்றபடியே நின்றேன். ஒரு விளக்கு கூடக் கீழே விழவில்லை. தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன், உங்களை நினைத்துத்தான். தினமும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நிற்கச் சொல்கிறார்களே, இது எதற்கு என்று டீச்சரைக் கேலி பேசியவள் நான். எதற்கென்று அன்றைக்குத் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். இந்த மாதக் கிருத்திகைக்கு, நடுவில் இரண்டு இடத்தில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, கோயில் வரை முழுக்க நடந்தே போய்விட்டேன். வேலுக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் அந்த ஞாபகம் வந்தது. பிராதில் நான் உங்கள் பெயரை எழுதவில்லை. எழுத உட்கார்ந்தபோது கை வரவில்லை. என் வீட்டுக்காரர் என்றாவது போட்டிருக்கலாம், சாமிக்கா தெரியாது என்று அதையும் விட்டுவிட்டேன். செல்வநாயகி, விருத்தாசலம் என்று போட்டுவிட்டு, கால் நன்றாக இருந்தும் நடக்காமல் உட்கார்ந்திருக்கும் குறையைத் தீர்த்து நடக்க வைக்க வேண்டும் என்று எழுதினேன், அவ்வளவுதான். அந்தத் தாளில் இருந்தது என் பெயர் ஒன்றுதான். சாமி படித்துப் பார்த்தார், யாரை நடக்க வைக்கச் சொல்லியிருக்கிறதோ அவளை நடக்க வைத்துவிட்டார். அவர் மேல் என்ன தப்பு?

மாரியம்மாள் அக்காவிடம் சொன்னதும் கோயில் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டார். "பேரு போட்டு இன்னொண்ணு கட்டுடி, சாமி இன்னா கோவிச்சுக்கவா போறாரு" என்றார். கட்டலாம்தான். ஆனால் அந்தப் பெயரை எழுத இந்தக் கை வர வேண்டுமே. பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுந்து நின்றால் தரை நகர்கிற மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். திட்டையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தவள் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். சூளைக்குப் பக்கத்தில் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடத்தில் நின்று வேலை செய்த மனுஷன் நீங்கள். சோம்பலில்தான் படுத்திருக்கிறீர்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் என்று தெரிந்திருந்தால் பிராதைக் கொஞ்சம் பதமாக எழுதியிருப்பேன்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மைதானத்தில் விழாதவர்களே கிடையாது. வாசலில் விழுந்தவர், பஸ் படியில் விழுந்தவர், கோயில் குளத்தில் விழுந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். முதல் நாள் எல்லாரும் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றோம். "பயம் போவட்டும் நடக்கலாம்னு இருந்தீங்கன்னா அது போவவே போவாது. நடக்க நடக்கத்தான் அது கழண்டுக்கும்" என்று டீச்சர் சொல்வார். இரண்டு கை போய் ஒரு கை, ஒரு கை போய் ஒரு விரல், இப்போது பலருக்குச் சுவர் பக்கத்தில் இருந்தால் போதும். பிசியோதெரபி தம்பியிடம் இந்த வரியை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தரை நகர்கிற மாதிரி இருப்பதற்கு வேறு காரணம் ஏதாவது இருக்குமா என்று டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு வெண்பாவுக்குப் பாவாடைத் துணி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கும் ஒரு பார்சல் உண்டு, கான்வாஸ் ஷூ. பெட்டியில் வைத்துப் பூட்டாமல் காலில் போடுங்கள்.

நல்லபடியாக எழுந்து நில்லுங்கள். நான் இங்கேயிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செல்வநாயகி.


விருத்தாசலம்,
மார்கழி மாதம், புதன்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

குளிர் அதிகமாக இருக்கிறது. நாங்கள் ஸ்வெட்டரும் மப்ளருமாக, மப்ளருக்குள்ளிருந்து கண் மட்டும் தெரிய மைதானத்தைச் சுற்றுகிறோம். பனி மூடி இருந்தால் டீச்சர் வெயில் வந்த பிறகுதான் விசில் அடிக்கிறார்.

உங்கள் கடிதங்களையெல்லாம் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தீர்கள் என்று படித்த அன்று மைதானம் முழுக்கச் சொல்லிவிட்டேன். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்ததற்கு எல்லாரும் கை தட்டினார்கள். முதல் மாடி வரை படியில் ஏறி இறங்கினீர்கள் என்று எழுதியதற்குச் சொர்ணாம்பாள் டீச்சர் விசிலையே ஊதிவிட்டார். தரை நகர்வது பி.பி. மாத்திரையால்தான் என்று டாக்டர் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்ததும் நல்லதாகப் போயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால் இன்னமும் தரை நகர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

உங்களோடு சூளையில் வேலை பார்த்த சாமிதுரை அண்ணன் இப்போது ஆண்களைச் சேர்த்துக்கொண்டு மைதானத்தின் மறு பக்கத்தில் பயிற்சி செய்கிறார். நடப்பது கொஞ்சம், அரசியல் பேசுவது அதிகம் என்று டீச்சர் திட்டுகிறார். "அண்ணனுக்குன்னு சின்னதா ரெண்டு பீங்கான் எடுத்து வச்சிருக்கேன், வரச் சொல்லும்மா" என்று சாமிதுரை அண்ணன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். வர்ணம்கூட அடித்து வைத்திருக்கிறார்.

இத்தனை நல்ல செய்தியும் எழுதிவிட்டு, போன கடிதத்தில் கடைசியாக ஏன் அப்படி எழுதினீர்கள்? வளவன் சொல்வதும் சரிதான், வீட்டை விட்டுவிடலாம், நான் வந்து மறுபடியும் விழுந்து தொலைத்தால் உனக்குத்தான் பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அன்று நான் சமைக்கவில்லை. இரண்டு நாள் உங்களை மனசுக்குள் திட்டிக்கொண்டே பீங்கானைத் தூக்கினேன். வழக்கத்தைவிட அதிகமாகவே தூக்கினேன் என்று மாரியம்மாள் அக்கா சொன்னார்.

வளவன் ஏற்பாடு செய்தபடி வீட்டைப் பார்க்க ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். நல்ல பிள்ளைகள். பெட்ரூமில் கட்டில் கொள்ளுமா என்று டேப் வைத்து அளந்தார்கள். அந்தப் பெண் குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த ஸ்டீல் கம்பியை எடுத்துவிடலாமா ஆன்ட்டி என்று கேட்டாள். நான் உடனே, "அத எடுக்க முடியாதும்மா, எங்க வூட்டுக்காரரு வராரு" என்று சொல்லிவிட்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

வளவனுக்கும் நானே போன் செய்து சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "அப்பா வரேன்னு உங்கிட்ட சொன்னாராம்மா?" என்று கேட்டான். நீங்கள்தான் சொல்லவில்லையே. பொங்கல் வரை பார்க்கிறேன், அதற்குள் அப்பா சொல்லட்டும் என்று போனை வைத்துவிட்டான். இனி அதைச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். டாக்டரும் சொல்லிவிட்டார், காலும் சொல்லிவிட்டது. உங்கள் வாய்தான் பாக்கி.

பாரம் என்று எழுதினீர்களே, அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். நான் எதற்காகத் தினமும் விடிந்ததும் போய்ப் பீங்கானைத் தூக்குகிறேன் என்று நினைத்தீர்கள்? சர்க்கரை குறைந்தது, தூக்கம் வந்தது எல்லாம் கூட வந்த லாபம். நீங்கள் எப்போதாவது தடுமாறினால் பிடிக்க என் கையில் பலம் வேண்டும் என்றுதான். இப்போது இருக்கிறது. நீங்கள் தடுமாறாமலே நடந்தால் இன்னும் நல்லது, மிச்ச பலத்தை வைத்துக்கொண்டு அகல் விளக்குத் தட்டைத் தூக்குவேன்.

கார்த்திகைத் தீபத்தன்று கோயிலுக்கு நடந்து போனேன், எங்கும் உட்காரவில்லை. பழைய பிராதை வாபஸ் வாங்கினேன். அங்கே இருந்தவர், குறை தீர்ந்துதா என்று கேட்டார். எனக்குத் தீர்ந்தது, இன்னொரு ஆளுக்குப் பாக்கி இருக்கிறது என்றேன். புதுத் தாள் வாங்கிக்கொண்டு ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்தேன். அன்றைக்குக் கூட்டமான கூட்டம். யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தும் முகமெல்லாம் சூடாகிவிட்டது. முதல் எழுத்தைப் போட்டேன். பிறகு மளமளவென்று முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். எழுதி முடித்துப் பார்த்தால் அழகாக இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பார்த்தபோதே எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. உங்களிடம் சொன்னதில்லை.

அந்தப் பிராது இப்போது வேலில் தொங்குகிறது. அதை வாபஸ் வாங்க நான் தனியாகப் போக மாட்டேன். தை மாதக் கிருத்திகைக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போக வேண்டும். நடக்க முடிந்தவரை நடப்போம், முடியாத இடத்தில் ஆட்டோ இருக்கவே இருக்கிறது. எனக்குக் கை கொடுத்த அந்த டீக்கடையில் உட்கார்ந்து டீ குடிக்கலாம். கல்யாணமான புதிதில் நீங்கள் விடுவிடுவென்று முன்னால் போவீர்கள், நான் புடவையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது நான்தான் வேகமாக நடக்கிறேன். ஆனால் முன்னால் போக மாட்டேன்.

வளவன் காரில் கொண்டுவந்து விடுவான். வாசலில் இறங்கினால் மூன்று படி இருக்கிறது. அந்த மூன்றையும் நீங்களே ஏறி வர வேண்டும், நான் கை கொடுக்க மாட்டேன். பக்கத்தில் நிற்பேன்.

இந்தக் கவரைக் கையில் வாங்கியதுமே கவனித்திருப்பீர்கள். விலாசத்தை இனியா எழுதவில்லை. நான்தான் எழுதினேன். சாமிக்கு எழுதிய பிறகு தபால்காரருக்கு எழுதுவதில் என்ன வெட்கம்? வாயால் மட்டும் இன்னும் சொன்னதில்லை. இதை எழுதும்போது சமையலறையில் யாரும் இல்லை, அதனால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

கொளஞ்சிநாதன், எழுந்து வூட்டுக்கு வாங்க.

செல்வநாயகி.